பெங்களூரு மருத்துவமனைகளில் தமிழ் நோயாளிகளுக்குத் துணைநிற்கும் ஊழியம்: தொடங்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

“ஆண்டவர் என்னை எதற்கு அழைத்திருக்கிறார்?” என்ற கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு பல ஆண்டுகளாக ஆலயத்துக்கு வந்துபோகிறவர்கள் நம் தமிழ்ச் சபைகளில் அநேகர். வேலையை விட்டுவிட்டு இறையியல் கல்லூரிக்குப் போவது, வடநாட்டுக்கு மிஷனரியாகச் செல்வது, பிரசங்க பீடத்தில் ஏறுவது ஆகியவையே அழைப்பு என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருப்பதால், வங்கியிலும் பள்ளியிலும் மென்பொருள் நிறுவனத்திலும் வேலைபார்க்கிற ஒருவர் தமக்கு அழைப்பே வரவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார். பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது அழைப்பையும் சேவையையும் ஒரே வசனத்தில் வைக்கிறார்: “சகோதரரே, நீங்கள் சுயாதீனத்திற்கு அழைக்கப்பட்டீர்கள்”, அதே மூச்சில், “அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்.” அந்தக் கடிதம் போதகர்களுக்கு மட்டும் எழுதப்பட்டதன்று, சபை கூடியிருக்கையில் எல்லார் காதிலும் விழும்படி வாசிக்கப்படவேண்டிய கடிதம். ஆகவே அழைப்பு வந்துவிட்டது என்றே நான் நம்புகிறேன். யாருக்கு, எவ்விடத்தில், எப்படிச் செய்வது என்பதைத்தான் நாம் கண்டுகொள்ளவேண்டும்.

அதைப் பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட, பெங்களூரில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்களால் குறிப்பாகச் செய்யக்கூடிய ஒரு பணியை எடுத்துக்கொண்டு, அதைத் தொடங்கும் முறையையும் நடத்தும் முறையையும் இங்கே எழுதுகிறேன்.

தேவை எங்கே இருக்கிறது

ஓசூர் சாலைப் பக்கத்தில் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனமும் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையும் அருகருகே இருக்கின்றன. இரண்டுக்கும் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான் என்பதால், அந்தப் பகுதி மக்களுக்குச் சென்னையைவிடப் பெங்களூரு பக்கம். இரவோடு இரவாகப் பேருந்தில் வந்து, விடியற்காலையில் புறநோயாளிப் பதிவு வரிசையில் நிற்கும் அவர்களுக்கு நோயின் பாரம் ஒருபுறம், மொழி தெரியாத பாரம் மறுபுறம். மருத்துவரோ செவிலியரோ ஓரளவு தமிழ் பேசுவதுண்டு. ஆனால் பலகைகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன, படிவங்கள் அப்படியே, மருந்துச் சீட்டு முழுவதும் ஆங்கிலம். “நாளைக்கு வாங்க” என்றார்களா, “நாலு நாள் கழித்து வாங்க” என்றார்களா என்று தெரியாமல் மருத்துவமனை வராந்தாவிலேயே படுத்துக்கிடக்கும் குடும்பங்களைக் காணலாம்.

1809இல் பிரிட்டிஷார் இங்கே தண்டு என்னும் படைமுகாமை அமைத்த காலந்தொட்டு அல்சூர், சிவாஜிநகர், காக்ஸ் டவுன், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் என்று வேரூன்றியிருக்கும் தமிழர்களுக்குத் தமிழோடு இந்த இரண்டு மொழியும் வீட்டு வழக்கு. நம் பிள்ளைகள் தமிழில் ஜெபித்து, கன்னடத்தில் காய்கறி வாங்கி, ஆங்கிலத்தில் வேலைபார்க்கிறார்கள். இதை நாம் ஒரு வரமாக எண்ணிப்பார்ப்பதே இல்லை. பேதுருவின் முதல் நிருபம் அவனவன் பெற்ற வரத்தின்படியே ஒருவருக்கொருவர் உதவிசெய்யச் சொல்கிறது. பெங்களூருத் தமிழருடைய கையில் ஏற்கெனவே இருக்கும் வரம் இந்த மும்மொழிப் பழக்கம்தான் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு வேதத்திலேயே முன்மாதிரி உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் எருசலேம் சபைக்குள் எழுந்த முதல் முறுமுறுப்பு உபதேசத்தைப் பற்றியதன்று. கிரேக்க மொழி பேசிய யூதர்கள், தங்கள் விதவைகள் அன்றாட விசாரணையில் திட்டமாய் விசாரிக்கப்படவில்லை என்று முறையிட்டார்கள். ஊர் எருசலேம், ஊரின் பேச்சு வேறு, அந்த விதவைகளின் பேச்சு வேறு. வேண்டுமென்றே யாரோ அவர்களை ஒதுக்கினார்கள் என்று வேதம் சொல்லவில்லை. மொழி தெரியாதவர் வரிசையில் பின்தள்ளப்படுவதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை, அது தானாகவே நடந்துவிடும். சபை அதற்குக் கண்ட தீர்வைக் கவனியுங்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்ற ஏழுபேரைத் தெரிந்துகொண்டார்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களின் மொழி தெரிந்தவர்களையே அந்தப் பொறுப்பில் வைத்தார்கள் என்று அதிலிருந்து ஊகிக்க இடமுண்டு. பந்திவிசாரணை என்று நாம் எளிதாக நினைக்கும் அந்த வேலைக்கு, பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்கள் வேண்டும் என்று அப்போஸ்தலர்கள் கேட்டார்கள். கைகள் வைத்து ஜெபித்து அவர்களை அனுப்பினார்கள்.

இது உங்களுக்கான பணிதானா

சிலர் ஒரு தரிசனத்துக்காகக் காத்திருக்கிறார்கள். மிஷனரி வரலாற்றை வாசித்தால், அழைப்பு பெரும்பாலும் கதவைத் தட்டும் ஒரு மனிதராக வந்திருப்பதைக் காணலாம். மிஷனரியாக இந்தியாவில் வாழ்வதில்லை என்று எண்ணியிருந்த இளம்பெண் ஐடா ஸ்கடரை, திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவியருக்கு உதவிகேட்டு அழைத்தார்கள். ஆண் மருத்துவரான அவருடைய தந்தையை அனுமதிக்க அவர்களுடைய வழக்கம் இடங்கொடுக்கவில்லை; ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்துத் திரும்பி, 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவுக்கு வந்தபோது முதலில் பணிக்கு அனுப்பப்பட்டது நம் பெங்களூருக்கு. பின்னர் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்று, கிராமம் கிராமமாகப் பெண்களிடையே சுவிசேஷம் அறிவித்துவந்தார். 1901இல் கோவிலுக்கு ஒப்புக்கொடுக்கப்பட இருந்த ஒரு சிறுமி தப்பிவந்து அவரிடம் அடைக்கலம் புகுந்த பிறகே, தோனாவூரில் பிள்ளைகளைக் காக்கும் பணி உருவாயிற்று. அவர் திட்டமிட்டு வந்தது வேறு, செய்யும்படி நேர்ந்தது வேறு.

எனவே உங்களை நீங்களே சோதித்துப்பார்க்கும் வழி எளிது: போய்ப் பாருங்கள். ஒரு வாரநாளில் விடுப்பு எடுத்து, காலை ஏழு மணிக்கு மருத்துவமனையின் புறநோயாளிப் பகுதியில், யாருக்கும் உதவ முயலாமல், இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருங்கள். தமிழ் பேசும் குடும்பங்கள் எங்கே தடுமாறுகின்றன, எந்தச் சன்னலில் திருப்பியனுப்பப்படுகின்றன என்று கவனியுங்கள். வீட்டுக்குத் திரும்பியபின் அந்த முகங்கள் உங்களை விடாமல் தொடர்ந்தால், அதை உங்கள் போதகரிடம் சொல்லுங்கள்; குடும்பத்தாரிடமும் சொல்லுங்கள். வீட்டில் வயதான பெற்றோரோ கைக்குழந்தையோ உங்களை நம்பியிருக்கும்போது, அவர்களைத் தவிக்கவிட்டு மருத்துவமனையில் சேவைசெய்வதை அன்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படிப்பட்டவர்கள் வீட்டிலிருந்தபடியே தொலைபேசி வழியாக மொழிபெயர்த்து உதவலாம். அதற்கும் பெரிய தேவை இருக்கிறது.

உள்ளே செல்வதற்கு முன்

அனுமதியின்றி நோயாளிப் பகுதிக்குள் நுழையக்கூடாது. சபையின் கடிதத்தாளில், யார் யார் வருவார்கள், எந்த நாளில் வருவார்கள், என்ன செய்வார்கள், என்ன செய்யமாட்டார்கள் என்று தெளிவாக எழுதி, மருத்துவக் கண்காணிப்பாளரிடமும் சமூகப்பணித் துறையிடமும் கொடுத்து, அவர்கள் சொல்லும் நிபந்தனைகளை ஏற்றுக்கொள்ளுங்கள். மருத்துவச் சமூகப் பணியாளர்களே இந்த ஊழியத்தில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய துணை. எந்தக் குடும்பத்துக்கு உண்மையிலேயே உதவி தேவை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அனுமதி கிடைக்கும்வரை புறநோயாளி வரிசைக்கும் மருந்துக் கடைக்கும் வெளியே இருந்தபடி உதவலாம்.

இயேசு சீடர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பினார். நீங்களும் தனியாகப் போகாதீர்கள். பெண் நோயாளியிடம் பெண்களே பேசட்டும். அடையாள அட்டை வெளியே தெரியட்டும். பெரிய மருத்துவமனைகளைச் சுற்றித் தரகர்கள் உலவுவதால், உதவ வருகிறவரைக் கண்டு கிராமத்து மக்கள் அஞ்சுவது நியாயமே. அந்த அச்சத்துக்கு இடங்கொடாதபடி, நோயாளியின் பணத்தை உங்கள் கையில் வாங்கவே வாங்காதீர்கள். கட்டணச் சன்னலில் அவரையே கட்டச்சொல்லி, ரசீதை அவர் கையிலேயே கொடுக்கச்செய்யுங்கள். குறிப்பிட்ட ஒரு மருந்துக்கடையையோ பரிசோதனைக்கூடத்தையோ ஒருபோதும் பரிந்துரைக்காதீர்கள்.

கன்னடம் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத நம் இளைஞர்கள் அந்த எழுத்துகளைக் கற்றுக்கொள்வது நல்லது. “ஹொரரோகி விபாக” என்றால் புறநோயாளிப் பிரிவு, “ஔஷதாலய” என்றால் மருந்தகம், “ரக்த நிதி” என்றால் இரத்த வங்கி என்பதைப் பலகையில் பார்த்தவுடன் சொல்லத் தெரியவேண்டும். எந்தக் கட்டடத்தில் எந்தச் சோதனை, மலிவு விலை ஜன் ஔஷதி மருந்தகம் எங்கே, உடன்வந்தவர்கள் தங்கக்கூடிய தர்மசாலை எது, அங்கே இடம்பெற யாரைக் கேட்பது என்பவற்றை நேரில் நடந்துபார்த்து ஒரு தாளில் வரைந்துவைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், சளி, இருமல் உள்ளவர்கள் அன்றைக்குப் போகவேண்டாம். கீமோதெரபி எடுத்துக்கொள்பவரின் நோயெதிர்ப்பு மிகக் குறைந்திருக்கும். நமக்குச் சாதாரணமான தொற்று அவருக்கு உயிராபத்து. பூவும் பழமும் கொண்டுபோவதற்கு முன்னும் செவிலியரைக் கேளுங்கள்.

கேட்டபின் செய்வது

எரிகோவின் வழியருகே உட்கார்ந்திருந்த பர்திமேயு குருடன் என்பது கூட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆயினும் இயேசு அவனிடம், “நான் உனக்கு என்ன செய்யவேண்டுமென்றிருக்கிறாய்” என்று கேட்டார். இந்த ஊழியம் முழுவதற்கும் இதைவிடச் சிறந்த பாடத்தை நான் அறியேன். நாம் உணவுப் பொட்டலம் கொண்டுபோவோம். அவருக்கு வேண்டியதோ ஊரில் இருக்கும் மகளிடம் பேச அலைபேசிக்கு மின்னேற்றம். நாம் போர்வை கொண்டுபோவோம். அவர் கேட்பதோ, மருத்துவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்பது. ஆகையால் முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: “அக்கா, வணக்கம். நாங்கள் இந்த ஊர்த் தமிழ்ச் சபையிலிருந்து வருகிறோம். எனக்குக் கன்னடமும் இங்கிலீசும் தெரியும். யாரிடமாவது ஏதாவது கேட்டுச் சொல்லவேண்டுமா?” வேண்டாம் என்று அவர் சொன்னால், அதை மதித்து, எங்கே இருப்பீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். நண்பகலில் அவரே தேடிவருவதுண்டு.

மொழிபெயர்க்கும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். மருத்துவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். “ஒன்றும் பயப்பட வேண்டாம் என்கிறார்” என்று மருத்துவர் சொல்லாததை ஆறுதலுக்காகச் சேர்ப்பது இரக்கத்தால் எழுவதே; ஆனால் அந்தக் குடும்பம் அடுத்து எடுக்கும் முடிவுகள் உங்கள் சொல்லின்மேல் நிற்கும். உங்களுக்கே புரியாத சொல் வந்தால் மருத்துவரை நிறுத்தி, விளக்கம் கேட்டுப் பிறகு சொல்லுங்கள். நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லவேண்டாம் என்று சில குடும்பங்கள் கேட்டுக்கொள்ளும். அது மருத்துவரும் குடும்பமும் பேசித் தீர்க்கவேண்டியது, உங்கள் வாயிலிருந்து அது வெளிவரக்கூடாது. வலி எங்கே, எப்போதிலிருந்து என்று நோயாளி சொல்வதையும், அவர் கொச்சையாகச் சொன்னாலும் அப்படியே மருத்துவரிடம் சேருங்கள். “ஏதோ வயிற்றுவலியாம்” என்று சுருக்கிவிடாதீர்கள்.

மருந்துச் சீட்டுதான் மிக அதிகமாகத் தவறு நேரும் இடம். ஒவ்வொரு மாத்திரை அட்டையின் பின்புறத்திலும் காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்கு முன், பின் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஒட்டியதை மருந்தாளரிடமோ செவிலியரிடமோ காட்டிச் சரிபாருங்கள். பின்னர், “அம்மா, வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவீர்கள், எனக்குச் சொல்லிக்காட்டுங்கள்” என்று கேளுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் சூரியனும் நிலாவும் வரைந்துகாட்டுங்கள். அடுத்த வரவுக்கான தேதியைக் கிழமையோடு எழுதுங்கள். பழைய அறிக்கைகளையெல்லாம் தேதி வரிசைப்படி ஒரே கோப்பில் அடுக்கிக்கொடுங்கள். மஞ்சள் பையில் மடித்துத் திணித்திருக்கும் தாள்களுக்குள் ஒரு பழைய ஸ்கேன் அறிக்கை காணாமற்போனால் அதே சோதனையை மறுபடி காசுகொடுத்து எடுக்கவேண்டியிருக்கும்.

பயண விவரமும் இதில் சேரும். தமிழ்நாட்டு நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம்செய்து பழகிய பெண்கள், கர்நாடகத்தில் 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டமும் தங்களுக்குப் பொருந்தும் என்று நினைத்து ஏறிவிடுவார்கள். அது கர்நாடகத்தில் வசிப்பவர்களுக்கு மட்டுமே உரியது என்பதை முன்கூட்டியே சொன்னால் நடத்துநரிடம் அவமானப்படாமல் தப்புவார்கள். காப்பீட்டு அட்டை விஷயத்தில் நீங்களாக எதையும் உறுதிசொல்லாதீர்கள். குடும்ப அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனையின் உதவி மேசைக்கு அழைத்துச்சென்று, எது இங்கே செல்லும் என்று அவர்கள் வாயாலேயே கேட்டுச் சொல்லுங்கள்.

இரத்தம்

வாலிபர் ஐக்கியத்துக்கு நான் முதலாவதாகச் சொல்லும் பணி இதுவே. புற்றுநோய்ச் சிகிச்சையில் இரத்தமும் தட்டணுக்களும் (பிளேட்லெட்) திரும்பத் திரும்பத் தேவைப்படும். தட்டணுக்களை ஐந்து நாட்களுக்குமேல் சேமித்துவைக்க இயலாது. ஆகையால் எவ்வளவு பெரிய மருத்துவமனையானாலும் புதிய கொடையாளர்கள் வந்துகொண்டே இருக்கவேண்டும். உள்ளூர்க்காரருக்கு உறவினர் இருப்பார்கள். தருமபுரியிலிருந்து மனைவியோடு வந்த ஒரு கூலித்தொழிலாளிக்கு இந்த நகரத்தில் யார் இருக்கிறார்கள்? உச்சநீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பையடுத்து, 1998 ஜனவரியிலிருந்து பணத்துக்காக இரத்தம் கொடுப்பது தடைசெய்யப்பட்டிருக்கிறது. எனினும் அவசரத்தில் தவிக்கும் குடும்பத்தை யாராவது ஏமாற்றிப் பணம் பறிக்க இடமுண்டு.

சபையில் ஒரு பதிவேடு தொடங்குங்கள். 18 முதல் 65 வயதுவரை உள்ளவர்கள், எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாதவர்கள் இரத்தம் கொடுக்கலாம். முதன்முறையாகக் கொடுப்பவர் 60 வயதைத் தாண்டியிருக்கக்கூடாது. ஆண்கள் 90 நாட்களுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாட்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். இயந்திரத்தின் மூலம் தட்டணுக்களை மட்டும் பிரித்தெடுக்கும் முறையில், 48 மணி நேர இடைவெளியோடு, வாரத்துக்கு இரண்டு முறைக்கு மிகாமல், ஆண்டுக்கு 24 முறைவரை விதிகள் இடமளிக்கின்றன. ஒவ்வொருவரும் கடைசியாகக் கொடுத்த தேதியைப் பதிவேட்டில் குறித்துவைத்து, எல்லாரையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொடுக்கவைக்காமல், வாரத்துக்குச் சிலராகப் பிரித்து அனுப்புங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பந்தல் போட்டுப் பெரிய முகாம் நடத்துவதைவிட, மருத்துவமனை கேட்கும் நாளில் இரண்டு பேர் தவறாமல் போய் நிற்பதே அதிகப் பயன்தரும். யாருக்குக் கொடுத்தோம் என்று தேடிச்சென்று அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

ஜெபமும் இரகசியமும்

இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுத்தமாக்கினார், ஒருவனே திரும்பிவந்தான். மற்ற ஒன்பதுபேருடைய சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நாம் உதவும் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்துக் குடும்பங்களாகவும் சில இஸ்லாமியக் குடும்பங்களாகவும் இருக்கும். அவர்கள் நம் சபைக்கு வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு உள்ளத்தின் ஓரத்தில் இருந்தாலும் நோயாளி அதை உணர்ந்துவிடுவார். படுக்கையைவிட்டு எழுந்துபோக முடியாதவரிடம் பிரசங்கிப்பதும் துண்டுப்பிரதி கொடுப்பதும் அவருடைய பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்வதாகும்; உதவிக்கு நன்றியாக அவர் தலையாட்டுவதை விசுவாசம் என்று எண்ணிக்கொள்ளக்கூடாது. அவராகவே “எனக்காக ஜெபம் பண்ணுங்கள்” என்று கேட்டால், பக்கத்துப் படுக்கைக்குக் கேட்காத குரலில், சுருக்கமாக ஜெபியுங்கள். நீங்கள் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டால், உண்மையை ஒளிக்காமல், கிறிஸ்து எங்களை நேசித்ததனால் வருகிறோம் என்று சொல்லுங்கள். அதற்குமேல் பேச்சை அவர் விரும்பினால் மட்டுமே வளர்க்கலாம்.

நிம்ஹான்ஸ் போன்ற இடத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். மனநோயைப் பிசாசின் பிடி என்று பேசுவதும், மாத்திரையை நிறுத்திவிட்டு உபவாசத்தில் நில்லுங்கள் என்று சொல்வதும் நம் நடுவே இன்றும் நடக்கின்றன. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதால் நோய் முற்றித் திரும்பவும் சேர்க்கப்படுகிறவர்கள் உண்டு. மருந்தைக் குறித்து ஒரு சொல்லும் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை என்பதை, குழுவில் சேரும் ஒவ்வொருவரும் எழுத்தில் ஒப்புக்கொள்ளும்படி கேட்பேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைப் பற்றிய தகவல்களை இரகசியமாகக் காக்கும் உரிமையை அவருக்கு அளிக்கிறது. அவருடைய சம்மதமின்றிப் படத்தையோ விவரத்தையோ ஊடகத்துக்குக் கொடுக்கவும் தடைவிதிக்கிறது. சபையின் வாட்ஸ்அப் குழுவில் “இந்தச் சகோதரிக்கு மனநிலை பாதிப்பு, பாரத்தோடு ஜெபியுங்கள்” என்று பெயரும் ஊரும் போட்டு எழுதுவது நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டாலும் அந்தப் பெண்ணின் திருமண வாழ்வையே குலைத்துவிடக்கூடும். “ஒரு குடும்பத்துக்காக ஜெபியுங்கள்” என்று எழுதினாலே கர்த்தருக்குத் தெரியும். எந்த நோயாளியோடும் படம் எடுக்கவேண்டாம், ஆண்டறிக்கைக்காகவும் வேண்டாம். ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குக் கட்டணமில்லாத அரசு மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ எழுதிக்கொடுங்கள்; அதில் தமிழிலும் பேசலாம்.

பணமும் எல்லைகளும்

நல்ல சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டினான், தன் வாகனத்தின்மேல் ஏற்றினான், சத்திரத்தில் ஓர் இரவு பராமரித்தான்; மறுநாள் இரண்டு பணத்தைச் சத்திரக்காரனிடம் கொடுத்துவிட்டுத் தன் வழியே போனான். அவன் பயணத்தை ரத்துசெய்து அங்கேயே தங்கிவிடவில்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. முழுப் பாரத்தையும் தானே சுமக்காமல் பொறுப்பானவரிடம் ஒப்படைப்பதும் அன்பின் வேலைதான். நம் காலத்துச் சத்திரக்காரர்கள் மருத்துவச் சமூகப் பணியாளர்களும், நோயாளியின் சொந்த மாவட்ட அரசு மருத்துவமனையும் ஆவார்கள். மாதந்தோறும் மனநல மாத்திரைக்காக மட்டும் பெங்களூருக்கு வந்துபோகிறவர், மருத்துவர் சம்மதித்தால், தம் மாவட்டத்தில் இயங்கும் மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகவே அதைப் பெற வாய்ப்புண்டு; அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கித்தருவது, பல மாதப் பேருந்துச் செலவைக் கொடுப்பதைவிட மேலான உதவி. குணமாக்க இயலாத கட்டத்தை அடைந்த புற்றுநோயாளிகளைக் கட்டணமின்றிப் பராமரிக்கும் கருணாஷ்ரயா என்ற இல்லம் மாரத்தஹள்ளிப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் குழுவில் எல்லாரும் அறிந்திருக்கவேண்டும்.

சபை ஒரு சிறு நிதியை ஒதுக்கினால், அதை மருந்துக்கடையிலோ கட்டணச் சன்னலிலோ நேரடியாகச் செலுத்துங்கள். இருவர் கையொப்பமிட்டு, ரசீதுகளை மாதந்தோறும் பொருளாளரிடம் ஒப்படையுங்கள். உங்கள் சொந்தப் பையிலிருந்து ஒருவருக்கு மட்டும் அள்ளிக்கொடுத்தால் மறுவாரம் அந்தப் பகுதி முழுவதும் உங்களைத்தான் எதிர்பார்க்கும். குழுவில் வசதியில்லாதவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். நிறைவேற்ற முடியாததை வாக்களிக்காதீர்கள். “விசாரித்துச் சொல்கிறேன், வியாழக்கிழமை வருவேன்” என்று சொன்னால் வியாழக்கிழமை போகவேண்டும்.

வாரத்துக்கு அரைநாள் போதும் என்பது என் கருத்து. எத்திரோ மோசேயிடம், நீ ஒருவனாய் இதைச் செய்ய உன்னாலே கூடாது என்று சொன்னது நமக்கும் பொருந்தும். பிள்ளைகள் பகுதிக்குப் போகிறவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை வேறு பகுதிக்கு மாறட்டும். சந்திப்பு முடிந்தபின் குழுவாகப் பத்து நிமிடம் உட்கார்ந்து, அன்று மனத்தை அழுத்தியதைச் சொல்லி ஜெபித்துவிட்டுப் பிரியுங்கள். அதை வீட்டுக்குச் சுமந்துபோக வேண்டாம்.

மரணம் நேரும்போது

இந்த ஊழியத்தில் மரணத்தைத் தவிர்க்கமுடியாது. யோபின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடுகூடத் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபின்தான் அவனைக் காயப்படுத்தினார்கள். நீங்களும் காரணம் சொல்லவேண்டாம். அருகே உட்காருங்கள், தண்ணீர் கொடுங்கள், ஊருக்குத் தகவல் சொல்லவேண்டிய எண்களைக் கேட்டு அழைத்துக்கொடுங்கள்.

அதோடு, அந்த வேளையில் வேறு எவரும் நினைத்துப்பாராத ஒரு காரியத்தைக் கவனியுங்கள். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, இறப்பு நேர்ந்த இடத்திலேயே அது பதிவாகவேண்டும். 21 நாட்களுக்குள் தகவல் சேரவேண்டும். மருத்துவமனையில் நேரும் இறப்பை மருத்துவமனையே தெரிவித்துவிடும். ஆனால் அவர்கள் எழுதும் பெயரும், தந்தை அல்லது கணவர் பெயரும், முகவரியும் ஆதார் அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு அழுதுகொண்டிருக்கும் குடும்பத்தால் இயலாது. உடலை ஊருக்கு எடுத்துச்சென்று அடக்கம்செய்துவிட்டு, விதவை உதவித்தொகைக்கோ வங்கிக்கணக்குக்கோ சான்றிதழ் வேண்டும் என்று அறிந்தபின், தங்கள் ஊராட்சியில் கேட்டால் அங்கே கிடைக்காது. எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவதற்கும் பெங்களூருப் பதிவாளரையே அணுகவேண்டும். ஆகவே படிவம் நிரப்பப்படும் நேரத்தில் ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று, ஒவ்வோர் எழுத்தையும் ஒத்துப்பாருங்கள். குடும்பம் விரும்பினால், அவர்களிடம் எழுத்தில் சம்மதம் பெற்று, சான்றிதழை எங்கே எப்போது பெறலாம் என்று கேட்டறிந்து, குழுவில் ஒருவர் அதை வாங்கி நான்கைந்து படிகளோடு விரைவுத் தபாலில் அனுப்பிவைக்கலாம். கிடைத்ததா என்று தொலைபேசியில் கேட்கும்போது, அந்த வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்களா, பள்ளிக்குப் போகிறார்களா என்றும் விசாரியுங்கள்; தேவை இருந்தால் அந்த ஊரில் உள்ள சபையின் போதகரிடம், குடும்பத்தின் ஒப்புதலோடு, அவர்களைப் பற்றிச் சொல்லிவையுங்கள்.